எது அரிது? கோடியக்கரை முதல் அரிச்சல்முனை வரை

சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிய உடம்பு. குளிர்காலத்தில் மேலே சாம்பல், கீழே வெள்ளை. சேற்றில் ஓடியாடும் நூறு உள்ளான்களுக்கு நடுவே நின்றால் கண்ணில் தட்டாது. அலகின் நுனி மட்டும், சூடான கம்பியைக் கொல்லன் ஒரே அடியில் தட்டையாக்கியது மாதிரி விரிந்திருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் அதுவும் தெரியாது. பறவை நம் பக்கம் முகத்தைத் திருப்ப வேண்டும். ஸ்பூன்-பில்டு சாண்ட்பைப்பர் என்று உலகம் அழைக்கும் இந்தக் கரண்டிமூக்கு உள்ளான், 1980களில் கோடியக்கரைக்கு வந்திருக்கிறது. அன்றைக்கு அது தஞ்சாவூர் மாவட்டம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர் ஆர். சுகதன், அங்கே அதைக் கவனித்த குறிப்புகளைக் கழகத்தின் ஆய்விதழில் 1985இல் எழுதினார்.

இன்றைக்குக் கோடியக்கரைக்குப் போகும் பறவை ஆர்வலர் ஒவ்வொருவரின் மனதிலும் அந்தப் பறவை இருக்கிறது. சேற்றில்தான் இல்லை.

அரிய பறவை என்றதும் பத்திரிகைகளில் ஒரு படமும் நான்கு வரியும் வரும். எங்கோ ஒரு தேசத்துப் பறவை வழிதவறி நம் ஊருக்கு வந்துவிட்டதாகச் செய்தி முடிந்துவிடும். பாக் நீரிணையின் இந்தக் கரையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால், 'அரிது' என்ற ஒரே சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல கதைகள் ஒளிந்திருப்பது தெரியும். புயல் தள்ளிக்கொண்டு வந்தது ஒரு ரகம். வேறு ஊரில் அரிது, இங்கே அன்றாடம் என்பது இன்னொன்று. காலங்காலமாக இங்கேயே இருந்தும் யாரும் உற்றுப் பார்க்காதது மூன்றாவது. உண்மையாகவே உலகத்தைவிட்டுப் போய்க்கொண்டிருப்பது நான்காவது. கரண்டிமூக்கு இந்த நான்காவது ரகம்.

கரை திரும்பும் மூலை

வரைபடத்தைப் பாருங்கள். சென்னையிலிருந்து தெற்கே நேராக இறங்கும் கரை, கோடியக்கரையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. ஒரு பக்கம் வங்காள விரிகுடா, மறுபக்கம் பாக் நீரிணை. அக்கரை யாழ்ப்பாணம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். கரையோரமாகவே தெற்கே வரும் பறவைகளுக்கு நிலம் தீர்ந்துபோகும் இடம் இது. கடலைத் தாண்டுவதா, இங்கேயே தங்குவதா என்று முடிவெடுக்க வேண்டிய இடமும் இதுதான்.

ஐப்பசி வாக்கில் கோடியக்கரைக் காட்டுக்குள் போனால் இலங்கைக்குப் போகும் வழியில் இளைப்பாறும் பறவைகளைப் பார்க்கலாம். ஆறுமணிக் குருவி புதருக்கடியில் சருகைக் கிளறிக்கொண்டிருக்கும். காட்டுக்கு வடக்கிலும் மேற்கிலும் வேதாரண்யம் சதுப்பு நிலம், அதில் உப்பளங்கள், அதற்கும் மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு இது. சுற்றியுள்ள சதுப்பையும் சேர்த்து 38,500 ஹெக்டேர் பரப்பு 2002இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறியது. கல்கியின் நாவலில் பூங்குழலி படகு விட்ட இடம் என்று காட்டத்தான் பெரும்பாலான சுற்றுலா வண்டிகள் வருகின்றன. இருக்கட்டும். கல்கிக்கு நன்றி, அந்தப் பெயராலாவது நாலு பேர் வருகிறார்கள்.

உப்பளத்தில் பறவைகள் சும்மா பரவி நிற்பதில்லை. கடல்நீர் முதலில் தேங்கும் பெரிய பாத்திகளில் மீன் இருக்கும். அங்கே ஆலாக்களும் கூழைக்கடாக்களும். உப்பு கொஞ்சம் ஏறிய பாத்திகளில் மீன் செத்துவிடும், ஆனால் சிறு இறால் வகைகளும் ஈப்புழுக்களும் பெருகும். பூநாரைக்கும் உள்ளான்களுக்கும் அதுதான் பந்தி. உப்புப் பூக்கும் கடைசிப் பாத்தியில் ஒன்றும் இருக்காது. கொசு உள்ளானுக்கு ஒரு விரற்கடை ஆழம் போதும். அதற்கு மேல் தண்ணீர் ஏறினால் இடத்தைக் காலி செய்துவிடும். ஆகவே, எந்தப் பாத்தியில் எந்த மாதம் எவ்வளவு நீர் நிற்கிறது என்பதை உப்பளத் தொழிலாளியிடம் கேட்டறியாமல் இங்கே அரிய பறவை தேடுவது வீண் வேலை.

கால் வளையம் வந்த கதை

இந்த மூலையைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிவதற்குக் காரணம், விசித்திரமாக, ஒரு காய்ச்சல். 1957இல் கர்நாடகத்தின் சிமோகா பகுதியில் குரங்குகள் செத்து விழுந்தன. மனிதர்களுக்கும் காய்ச்சல் பரவியது. கியாசனூர் காட்டு நோய் என்று அதற்குப் பெயர் வந்தது. உண்ணியால் பரவும் அந்தக் கிருமி ரஷ்யாவில் இருந்த ஒரு மூளைக்காய்ச்சல் கிருமிக்கு உறவு என்று தெரிந்தபோது, சைபீரியாவிலிருந்து வரும் பறவைகள் உண்ணியைச் சுமந்து வந்தனவா என்ற சந்தேகம் எழுந்தது. அதைத் துப்பறிய உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு சாலிம் அலியின் தலைமையில் பம்பாய்க் கழகம் 1959இல் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டத் தொடங்கியது. பறவைகள்தான் குற்றவாளி என்பதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. ஆனால், வலசைப் பறவைகள் எங்கிருந்து வந்து எங்கே போகின்றன என்ற அறிவு அந்தச் சந்தேகத்தின் வழியாகத்தான் நமக்குக் கிடைத்தது.

கோடியக்கரையில் பெரிய அளவில் வேலை நடந்தது 1980இலிருந்து 1992 வரை. வளையத்தின் மேல் 'இன்ஃபார்ம் பாம்பே நேச்சுரல் ஹிஸ்டரி சொசைட்டி' என்று பொறித்திருக்கும், கூடவே ஓர் எண். எஸ். பாலச்சந்திரன் இங்கேயும் மண்டபத்துத் தீவுகளிலும் பல ஆண்டுகள் இருந்து கரைப் பறவைகளைப் பற்றி எழுதியவை இன்றைக்கும் அடிப்படை நூல்கள் போலப் பயன்படுகின்றன. அவர்களோடு வேலை பார்த்தவர்களில் தனியாகச் சொல்ல வேண்டியவர் பீகாரின் மிர்ஷிகார் சமூகத்தைச் சேர்ந்த அலி உசேன். பறவை பிடிப்பது அவர்களுக்குப் பரம்பரைத் தொழில். சந்தைக்குப் பிடித்த கை, ஆய்வுக்குப் பிடித்தது. ஓர் இறகு உதிராமல் உள்ளானைக் கண்ணியிலிருந்து எடுக்கும் வித்தையைப் பட்டம் பெற்ற ஆய்வாளர்கள் அவரிடம் கற்றார்கள்.

வலையில் பறவையைப் பிடிப்பதற்கும் தொலைநோக்கியில் பார்ப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஆயிரம் சாம்பல் உள்ளான்களில் ஒன்று மட்டும் வேறு என்பது கையில் எடுத்தால்தான் தெரியும். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் கோடியக்கரையின் பட்டியலில் ஏறிய அரிய பெயர்களுக்கு அந்த வலைகளும் ஒரு முக்கியக் காரணம்.

கரண்டிமூக்குக்கு என்ன ஆயிற்று?

1758இல் லின்னேயஸ் இந்தப் பறவைக்கு அறிவியல் பெயர் வைத்தபோது, அலகை மட்டும் கணக்கில் கொண்டு கரண்டிவாயன் நாரையின் பேரினத்தில் சேர்த்துவிட்டார். ஊர் தென் அமெரிக்காவின் சூரினாம் என்றும் குறித்தார். இரண்டும் தவறு. குஞ்சு பொரிப்பது ரஷ்யாவின் வடகிழக்குக் கோடியில், சுகோத்கா கடற்கரையில். கோடை முடிந்ததும் அங்கிருந்து ஜப்பான், கொரியா, சீனக் கரைகள் வழியாக இறங்கி மியான்மர், வங்கதேசம் வரை வரும்.

நடுவழியில் இருப்பது மஞ்சள் கடல். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து, கொழுப்பெல்லாம் கரைந்து இறங்கும் உள்ளான்களுக்குச் சோறு போடும் சேற்றுவெளி. தென் கொரியா சேமாங்கம் என்ற இடத்தில் 33 கிலோமீட்டர் நீளக் கடற்சுவரைக் கட்டி 2006இல் மூடியது. சீனக் கரையிலும் சேற்றுவெளிகள் தொழிற்பேட்டைகளாயின. மியான்மரின் மோட்டமா வளைகுடாவிலோ ஏழை மக்கள் உணவுக்காக வலை விரித்தார்கள். பெரிய பறவைக்கு வைத்த வலையில் இதுவும் சிக்கியது. 2008இல் இந்த உள்ளான், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் உலகச் செம்பட்டியலில் 'மிக அபாய நிலை'க்குப் போனது. இன்றைக்கு உலகத்தில் மிஞ்சியிருக்கும் வளர்ந்த பறவைகள் சில நூறுதான்.

மோட்டமாவில் வலைக்காரர்களுக்கு மாற்றுத் தொழில் கொடுத்து வேட்டையைப் பெருமளவு குறைத்திருக்கிறார்கள். சுகோத்காவில் முட்டைகளை எடுத்து, பொரித்து, குஞ்சுகளைப் பறக்கும் வரை காவலில் வளர்த்து விட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தின் ஸ்லிம்பிரிட்ஜில் ஒரு சிறு கூட்டத்தை வளர்த்திருக்கிறார்கள்.

கோடியக்கரை இந்தப் பறவையின் பயணத்தில் கடைசி ஓரம். எந்த உயிரினத்தின் எண்ணிக்கை சரிந்தாலும் முதலில் காலியாவது ஓரங்கள்தான். நடுவில் இடம் நிறையக் கிடைக்கும்போது ஓரத்துக்கு வர வேண்டிய அவசியம் எதற்கும் இல்லை. ஆகவே கோடியக்கரைச் சேற்றை நாம் எவ்வளவு நன்றாக வைத்திருந்திருந்தாலும் அது மஞ்சள் கடலுக்கு ஈடாகியிருக்காது. மேற்கு வங்கக் கரையில் அண்மை ஆண்டுகளில் ஒன்றிரண்டு முறை கண்டிருக்கிறார்கள். அதனால்தான் நம்மவர்கள் இன்னும் ஒவ்வொரு கொசு உள்ளானின் மூக்கையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சோளகம் கொண்டுவருபவை

சோளகம் என்னும் தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும் ஆனி, ஆடி மாதங்களில் வேறு வகைப் பறவைகள் கரை சேரும். ஊதா நிறக் கடலுக்கு அப்பால், பெரும்பாலும் நிலத்தைப் பார்க்காமல் வாழ்பவை: பூபிகள், ஃபிரிகேட் பறவைகள், நாடி ஆலாக்கள், கரிய முதுகு கொண்ட சூட்டி ஆலாக்கள். சூட்டி ஆலா லட்சத்தீவின் பிட்டித் தீவில் கூடு வைக்கிறது. வில்சன் புயற்பறவை என்று ஒன்று, மைனாவைவிடச் சிறியது, அண்டார்டிகாவில் குஞ்சு பொரித்துவிட்டு நம் கோடைக்கு இந்தியப் பெருங்கடலுக்கு வருகிறது.

இவற்றை அரியவை என்று சொல்வதில் ஒரு நகைச்சுவை இருக்கிறது. வில்சன் புயற்பறவை உலகத்தில் மிக ஏராளமாக உள்ள கடற்பறவைகளில் ஒன்று. கரையில் நிற்கும் நமக்குத்தான் அது அரிது. ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகுக்காரரிடம் கேட்டால், 'அலை மேல நடக்கிற மாதிரி போகுமே, அதானே' என்பார். கடற்பறவைகளைப் பற்றி நம் நாட்டில் நூல் குறைவு, கடலோடிகளின் அனுபவம் அதிகம். அந்த இரண்டும் இன்னும் சரியாகச் சந்திக்கவில்லை.

கரையில் ஒதுங்கும் பறவையைக் கண்டால் பலரும் முதலில் செய்வது திரும்பக் கடலுக்குள் வீசுவது. அது கொலைக்குச் சமம். காற்றோடு போராடிக் களைத்து, இறகில் நீர் ஏறி, வயிறு காய்ந்துதான் அது கரைக்கே வந்திருக்கும். மீனை வாய்க்குள் திணிப்பதும் தண்ணீர் ஊற்றுவதும் அதைவிட மோசம். மூச்சுக்குழலில் போய் அடைத்துவிடும். காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில், துணி விரித்து, நாயும் கூட்டமும் இல்லாத நிழலில் வைத்து வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். பூபியின் அலகு கத்தி மாதிரி வெட்டும். செல்ஃபி எடுக்க முகத்துக்கு அருகே கொண்டுபோகிறவர்கள் கண்ணைப் பணயம் வைக்கிறார்கள்.

அங்கே அதிசயம், இங்கே அன்றாடம்

ராமேசுவரம் தீவின் பறவைகளைப் பற்றி சி.எச். பிடல்ஃப் 1938இலேயே விரிவாக எழுதியிருக்கிறார். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைத் தின்றதற்கு முந்தைய தீவு அது. அந்தக் கரையில் இன்றைக்கும் குளிர்காலத்தில் பார்க்கக் கிடைக்கும் ஒரு பறவை நண்டுதின்னி. வெள்ளை உடம்பு, கறுப்பு முதுகு, நண்டோட்டை உடைக்கத் தகுந்த தடித்த கறுப்பு அலகு, நீண்ட சாம்பல் கால். சென்னைப் பக்கம் ஒன்று தென்பட்டால் பத்துப் பேர் கேமராவோடு வண்டியேறுவார்கள். மன்னார் வளைகுடாவிலோ அது வழக்கமாக வருகிறது. ராமர் சேதுவின் இலங்கைப் பக்க மணல்திட்டுகளில் இனப்பெருக்கமும் செய்கிறது. கரைப் பறவைகளில் மணலில் வளை தோண்டி அதற்குள் முட்டையிடுவது இது ஒன்றுதான். மணலின் சூடே பாதி அடைகாத்துவிடும்.

இதைவிட எனக்குப் பிடித்த கதை ஓர் உப்புக்கொத்தியுடையது. தனுஷ்கோடி மணலில், மன்னாரில், இலங்கையின் வறண்ட கரைகளில் ஆண்டு முழுவதும் ஓடித் திரியும் சிறு பறவை. ஐரோப்பாவிலிருந்து ஆசியா வரை பரவிய கென்டிஷ் உப்புக்கொத்தியின் ஓர் உள்ளினம் என்றே வெகுகாலம் எழுதிவந்தார்கள். இலங்கை ஆய்வாளர்களும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து உடலளவையும் நிறத்தையும் மரபணுவையும் ஒப்பிட்டு 2023இல் அது தனி இனம் என்று நிறுவினார்கள். பாக் நீரிணைக்கு இரு கரையிலும் வாழ்வதால் அனுமன் உப்புக்கொத்தி என்று பெயர். வலசை போவதில்லை, நம் ஊர்க்காரன். 'சாதா உப்புக்கொத்தி' என்று குறித்துவிட்டு நாம் தாண்டிப் போன அத்தனை ஆண்டுகளும் அது காலடியில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மன்னாரில் ஜிபிஎஸ் கருவி மாட்டிய ஹியூக்ளின் கடற்காக்கைகள் வடக்கே பறந்து ரஷ்யாவின் துருவப் பகுதி வரை போனதை இலங்கை ஆய்வாளர்கள் திரையில் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கருவிக்குக் கடல் எல்லை தெரியாது. இரு கரை ஆய்வாளர்களும் ஒரே பறவையைத் தனித்தனிப் பட்டியலில் எழுதிக்கொண்டிருப்பதுதான் வருத்தம்.

பார்த்தேன் என்றால் போதுமா?

அரிய பறவையைப் பார்த்ததாகச் சொல்வது எளிது. நம்ப வைப்பதுதான் கஷ்டம். ஒரு காலத்தில் சுட்டுத் தோலுரித்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பினால்தான் பதிவு. பிறகு கையில் பிடித்த அளவுகள். இப்போது படம். படம் இருந்தாலும் போதாது: காலை வெயிலில் சாம்பல் நிறம் பழுப்பாகத் தெரியும், அலகு நுனியில் ஒட்டிய சேறு சாதாரண கொசு உள்ளானைக் கரண்டிமூக்காக்கிவிடும். சேற்று மூக்கை நம்பிப் பறந்த செய்திகள் உலகெங்கும் உண்டு.

கரைப் பறவையான மெல்லிய அலகுக் கோட்டானின் கதையை இங்கே சொல்ல வேண்டும். 1995இல் மொராக்கோவில் ஐயமின்றிக் காணப்பட்டது. அதற்குப் பிறகு இங்கே பார்த்தேன், அங்கே பார்த்தேன் என்ற செய்திகள் ஆண்டுக்கணக்கில் வந்தன; ஒன்றும் உறுதிப்படவில்லை. 2025இல் அது அற்றுப்போன இனமாக அறிவிக்கப்பட்டது. கடைசிப் பறவை எது என்பது அதைப் பார்த்தவருக்கு அப்போது தெரிந்திருக்க வழியில்லை.

இன்னொரு சங்கடம், இடத்தைச் சொல்வதா வேண்டாமா என்பது. அலைபேசிக் குழுவில் இடத்தைப் போட்ட மறுநாள் காலை இருபது வண்டி நிற்கிறது. களைத்து இறங்கிய பறவையைப் படத்துக்காக நாலு முறை எழுப்பிவிட்டால், அது தின்று சேர்த்த கொழுப்பு அங்கேயே செலவாகிவிடும். எனக்கு இதில் சந்தேகமே இல்லை: பறவை போன பிறகு சொன்னால் குடி முழுகிவிடாது.

கூட்டம் கரைகிறது

கோடியக்கரையில் 1980களில் அதிகமாக வலையில் விழுந்தவற்றில் ஒன்று கர்லூ சாண்ட்பைப்பர் என்ற வளைமூக்கு உள்ளான். குளிர்காலச் சதுப்பில் கூட்டம் கூட்டமாக எழுந்து திரும்பும் சாம்பல் பறவை. யாரும் இதற்காகக் கேமராவை எடுத்ததில்லை. 2024 அக்டோபரில் வந்த உலகச் செம்பட்டியல், வலசை வரும் கரைப் பறவைகளில் 16 இனங்களை ஒரே வீச்சில் கூடுதல் ஆபத்துப் பிரிவுகளுக்கு மாற்றியது. வளைமூக்கு உள்ளான் அதில் இருக்கிறது. சாம்பல் உப்புக்கொத்தியும், பட்டை அலகு கொண்ட பிராட்-பில்டு சாண்ட்பைப்பரும், கல்திருப்பியும் இருக்கின்றன. எல்லாமே நம் கரைக்கு வருபவை. கரண்டிமூக்கு எந்தப் பாதையில் போனதோ அதே பாதையில் இவையும் நாற்பது ஆண்டு பின்தங்கிப் போகின்றன என்றுதான் இதை நான் வாசிக்கிறேன்.

காரணங்கள் பாதி வெளியூரில், பாதி உள்ளூரில். துருவப் பகுதியில் பருவம் மாறி, குஞ்சு பொரிக்கும் நேரமும் பூச்சி பெருகும் நேரமும் பிசகுகின்றன. நம் பக்கம், ஆற்று நன்னீர் குறைந்து சதுப்பின் உப்பு ஏறியிருக்கிறது. உப்பெடுத்த பிறகு வெளியேறும் கசப்புநீர் சேற்றின் உயிரைக் கெடுக்கிறது. இறால் பண்ணைகள் ஓரங்களைக் கடித்துவிட்டன. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் இதே கரையில் ஏறிக் காட்டை முறித்துப் போட்டது.

வனத்துறை மாநிலம் முழுக்க நடத்தும் ஈரநிலப் பறவைக் கணக்கெடுப்பும், 2015இலிருந்து பொங்கல் நாட்களில் ஆர்வலர்கள் நடத்தும் கணக்கெடுப்பும் இந்தச் சரிவை அளக்க நம்மிடமுள்ள அளவுகோல். அதில் பங்கெடுக்கும் பலர் அரிய பெயர்களைத் துல்லியமாக எழுதிவிட்டு, உள்ளான் கூட்டத்துக்கு நேரே 'நிறைய' என்று போட்டுவிடுகிறார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் வளையக்காரர்கள் எண்களை எழுதி வைத்ததால்தான் இன்றைக்குச் சரிவு தெரிகிறது. 'நிறைய' என்பதை அடுத்த தலைமுறை எதோடு ஒப்பிடும்?

அரிச்சல்முனைச் சாலை

ராமேசுவரம் தீவில், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017இல் தார்ச்சாலை வந்தது. அதுவரை ஜீப்பிலும் மீன் வண்டியிலும் மட்டுமே போன இடத்துக்கு இப்போது பேருந்து போகிறது. கூட்டம், கடைகள், எச்சில் தின்னும் நாய்கள், காகங்கள். சிறு ஆலாவும் அனுமன் உப்புக்கொத்தியும் கூடு கட்டுவதில்லை; கோடையில் வெறும் மணலில் சிறு குழி பறித்து மணல் நிறத்திலேயே முட்டையிடும். சாலையைவிட்டு மணலில் இறங்கும் ஒரு வண்டிச் சக்கரத்துக்கு அது தெரியப் போவதில்லை.

2025 ஜூன் 5 அன்று தமிழக அரசு இந்தப் பகுதியில் 524.7 ஹெக்டேரைப் பெரும் பூநாரைகளுக்கான சரணாலயமாக அறிவித்தது. நல்ல செய்தி. பூநாரை உயரமானது, ரோஜா நிறம், தூரத்திலிருந்தே தெரியும். அதன் பெயரில் சரணாலயம் அமைந்தால் யாரும் எதிர்க்க மாட்டார்கள். ஆனால் பூநாரை இங்கே குஞ்சு பொரிப்பதில்லை. கட்சு உப்புவெளிக்குப் போய்த்தான் பொரிக்கிறது. இந்த மணலையே தொட்டிலாகக் கொண்டவை ஆலாவும் உப்புக்கொத்தியும்தான். ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரையாவது சாலைக்கு இருபுறமும் வண்டி இறங்காமல் கல் நட்டுக் கயிறு கட்டுவதற்கும், கடைக் கழிவை அன்றன்றைக்கு அள்ளி நாய்களைக் கட்டுப்படுத்துவதற்கும், முட்டைக் காவலுக்கு உள்ளூர் மீனவ இளைஞர்கள் நாலைந்து பேரைச் சம்பளத்துக்கு வைப்பதற்கும் பெரிய திட்ட அறிக்கை எதுவும் தேவையில்லை. சரணாலயத்துக்கான மேலாண்மைத் திட்டத்தில் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியது இதுதான்.